எங்க மாடியில இருந்த பையன்

'நம்ம பையன்காரர்' என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாத இனம் அல்ல. தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் பரிசு வாங்கிக்கொண்டிருப்பார், சோபாவில் சாய்ந்திருந்த இவர் மெல்ல நுனிக்கு நகர்ந்து, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவன் யாருன்னு தெரியுதா? நம்ம பையன்தான்" என்று ஆரம்பிப்பார். பரிசு வாங்குகிறவர் கலெக்டராக இருக்கலாம், கால்பந்து வீரராக இருக்கலாம், ராக்கெட் விடுகிறவராகக்கூட இருக்கலாம். யாராக இருந்தாலும் என்றோ ஒருநாள் இவர் தெருவில் சைக்கிள் விட்டிருப்பார், அல்லது இவருடைய மச்சான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் பரோட்டா தின்றிருப்பார். ஏதாவது ஒரு நூல் அகப்படும். அகப்படாவிட்டால் இவரே திரித்துக்கொள்வார்.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரே ஆளை இவர்கள் வருஷத்துக்கு வருஷம் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் 'அவன் எவனோ'. கொஞ்சம் பெயர் அடிபட்டால் 'அந்தப் பையன்'. பேப்பரில் சின்னதாகப் படம் வந்தால் 'நம்ம ஏரியாப் பையன்'. சினிமாவில் பெயர் வந்துவிட்டால் 'நம்ம பையன்'. விமானம் ஏறிவிட்டாலோ, 'எங்க வூட்டுப் புள்ள'.

புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுமலர் நகர், மூன்றாவது குறுக்குத் தெருவில் வசிக்கும் புருஷோத்தமன் இந்த ஐந்து படிகளையும் ஆறே வருஷத்தில் ஏறி முடித்தவர். அரசு வேலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. நல்லது நினைக்கத்தான் அவருக்குக் கொஞ்சம் நேரமாகும், எதிராளி பிரபலமாகும்வரை.

அவர் ஏறிய படிகளுக்குச் சொந்தக்காரன் செல்வகுமார். ஆறு வயதில் அம்மா கமலாவின் மடியில் உட்கார்ந்து, திருகோணமலைப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவன். சில வருஷம் முகாமில் இருந்தார்கள். பிறகு வாடகை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் எந்த ஊர் என்று கேட்பார், பதிலைக் கேட்டதும் தன் உறவுக்காரர் குடி வரப்போகிறார் என்பார். அப்படிச் சுற்றிச் சுற்றி இருவரும் புருஷோத்தமனின் மொட்டைமாடி அறைக்கு வந்து சேர்ந்தார்கள். கமலா ஜாக்கெட் தைத்தாள், பையன் கூரியர் கொண்டுபோனான். நாலு வருஷம் இருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் கிடையாது. எதையும் எழுதிக் கொடுக்காமல் இருப்பது புருஷோத்தமனின் கொள்கை. கொள்கை என்றால் அவர் உயிரைக் கொடுப்பார், கையெழுத்தைத்தான் கொடுக்கமாட்டார்.

செல்வா ராப் பாடுவான். பதிவு செய்ய இடமில்லாததால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, தலைக்கு மேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, செல்போனில் பதிவு செய்வான். சித்திரை மாதத்துப் பகல் வெயிலிலும் அதே கம்பளிதான். ஒருநாள் புருஷோத்தமன் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, இன்னா அது சத்தம்? பாட்டா, யாரையாவது திட்டிக்கினு இருக்கியா?"

"ராப் அங்கிள்."

"பாட்டுன்னா நிறுத்தி நிதானமா பாடேன்ப்பா. உன்ன எவனாவது தொரத்திக்கினு வரானா?"

துரத்தி வந்தவர்கள் உண்டு. துரத்தலுக்குப் பயந்துதான் ஒரு தாய் பிள்ளையைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் இதையெல்லாம் வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரரிடம் விளக்க முடியுமா? வேர்த்து வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தத்தக் குறைச்சுக்கிறன் அங்கிள்" என்றான்.

அடுத்த மாதமே, பெங்களூரிலிருந்து மகள் நிர்மலா குடும்பத்தோடு வந்து தங்கப்போவதாகவும், அறை வேண்டும் என்றும் புருஷோத்தமன் சொல்லிவிட்டார். "ஆனா ஒண்ணு, ஆடி மாசத்துல யாரையும் காலி பண்ணச் சொல்றவன் இல்ல நானு. ஆவணி பொறக்கட்டும்" என்றார். நிர்மலா இன்றுவரை இரண்டு நாளுக்கு மேல் வந்து தங்கியதில்லை. ஆவணி முதல் தேதியே அம்மாவும் பிள்ளையும் தையல் மிஷினை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள்.

பாட்டுக் கம்பெனிகள் எதுவும் செல்வாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் டெம்போ ஓட்டுநர்கள். 'எம்.சி. வள்ளம்' என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டு, ஒன்பது பாட்டுகளை ஒரு மிக்ஸ்டேப்பாகச் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றி, அரியாங்குப்பம் வழியாகத் தவளக்குப்பத்துக்கு ஓடுகிற டெம்போக்காரர்களிடம் ஓசியில் கொடுத்தான். ஓசி என்பதால் போட்டார்கள். போட்டதை நிறுத்தினால் காலேஜ் பிள்ளைகள் விடவில்லை. மீன் கூடையோடு ஏறுகிற பெண்கள்கூட "அந்த வள்ளத்துக்காரன் பாட்டப் போடுப்பா" என்று கேட்டு வாங்கினார்கள். இரண்டாவது மிக்ஸ்டேப்பில் இப்படி ஒரு அடி வரும்:

"ஆறு வயசுல ஏறின வள்ளம் இன்னும் கரையில நிக்கல,
பன்னெண்டு வூடு மாறிட்டேன், ஒரு வாசப்படியும் தேயல."

இந்த அடியைச் சென்னையில் ஓர் இசையமைப்பாளர் கேட்டார். கேட்டவர் ஒரு சினிமாவில் வைத்தார். ஒரே மாதத்தில் மூன்று கோடிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

மூன்று கோடியே ஒன்றாவது ஆள் நம் புருஷோத்தமன்.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பால் வாங்கப் போனால் செல்வா, பென்ஷன் வாங்கப் போனால் செல்வா, சாவு வீட்டில் பாடையைக் கட்டுவதற்கு முன்னால் கிடைக்கிற பத்து நிமிஷத்திலும் செல்வா. "எங்க மாடியில இருந்த பையன்தான். நான்தான் சொன்னேன், டேய் தமிழ்ல பாடுடான்னு" என்பார். அதற்கு முன்னால் அவன் என்ன லத்தீனிலா பாடிக்கொண்டிருந்தான்? யாரும் கேட்கவில்லை. "கம்பளிகூட நான் குடுத்ததுதான்" என்று ஒருநாள் சொன்னபோது, அவர் மனைவி சுலோசனா மட்டும் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் பழைய வீடுகளில் எல்லாம் யார் யார் இருந்தார்கள் என்று பலகை வைத்திருக்கிறார்களே, ரெட்டியார்பாளையம் மட்டும் என்ன குறைந்துபோனது என்று அவருக்குத் தோன்றியது. கருப்பு கிரானைட் கல் ஒன்று வாங்கி, எழுத்து வெட்டி, தங்கக் கலர் அடித்து, காம்பவுண்டுச் சுவரில் பதித்துவிட்டார். 'எம்.சி. வள்ளம் (எ) செல்வகுமார் தம் தாயாருடன் 2017 முதல் 2021 வரை வாழ்ந்த இல்லம்.' சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுத் திறப்பு விழா வைத்து, ஆளுக்கு ஒரு லட்டும் மிக்சரும் கொடுத்தார். போனவர்கள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, செல்வாவே வந்துவிட்டான். கல்லைக் கண்டதும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று முழுவதையும் படித்தான். புருஷோத்தமனுக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்தார், மின்விசிறியைத் திருப்பினார், பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டு நாலு செல்ஃபி எடுத்தார். நாலிலும் அவர் கண் மூடியிருந்ததால் ஐந்தாவதும் எடுத்தார்.

"அங்கிள், பாரிஸ்ல ஒரு புரோகிராம். பெரிய மேடை" என்றான் செல்வா.

பாரிஸ்! புதுச்சேரியில் வீட்டுக்கு ஒரு மாமாவாவது அங்கே இருப்பார். கோடையில் வருவார், வாசனைத் திரவியம் தருவார், வெயிலைக் குறை சொல்வார். புருஷோத்தமனுக்கு அப்படி ஒரு மாமா வாய்க்கவில்லை. அறுபத்து மூன்று வருஷமாக அந்தக் குறை அவருக்கு உண்டு. இப்போது அவருக்கும் பாரிசில் ஒரு ஆள்!

"போறதுக்கு பேப்பர் கேட்டிருக்கன். பாஸ்போர்ட் இல்லாத ஆள் எண்டபடியால, எந்தெந்த வருஷம் எங்க இருந்தன் எண்டு வீட்டுக்காரங்க எழுதிக் குடுக்கணுமாம். மத்த எல்லாரும் குடுத்துட்டாங்க. இந்த நாலு வருஷம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"இல்லன்னா?"

"போக ஏலாது அங்கிள்."

தாளை நீட்டினான். தட்டச்சு செய்த ஒரே வாக்கியம்: 'செல்வகுமார் தம் தாயாருடன் 2017 முதல் 2021 வரை எமது இல்லத்தில் வசித்தார்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. புருஷோத்தமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"செல்வா, நீ எனக்குப் புள்ள மாதிரி."

"ஓம் அங்கிள்."

"புள்ளைக்கு எவனாவது எழுதிக் குடுப்பானா? சொல்லு. அதுவும் அப்ப உங்கள வச்சிருந்தத நான் போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஏய்யா வச்சிருந்தேன்னு என்னத்தான் கேப்பான். பென்ஷன்காரன்ப்பா நானு. ஒண்ணு பண்ணு, வாயால எவங்கிட்ட வேணா சொல்றேன். போன் போட்டுக் குடு, இப்பவே சொல்றேன்."

செல்வா பன்னிரண்டு வீட்டு வாசல்களில் நின்று பழகியவன். தாளை வாங்கி மடிக்கப் போனான்.

காபியோடு வந்த சுலோசனா, தட்டை வைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கினாள். படித்தாள்.

"இதத்தான கல்லுல வெட்டி வெச்சிருக்கீங்க?"

"கல்லு வேற, காயிதம் வேறடி. கல்லுல என் கையெழுத்து இருக்குதா?"

"வூடு யார் பேர்ல இருக்குது?"

புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். அரசு வேலையில் இருந்தபோது வீடு வாங்கினால் ஆயிரம் பேர் ஆயிரம் கேட்பார்கள் என்று மனைவி பேரில் வாங்கியிருந்தார். எங்கேயும் தன் கையெழுத்து விழாமல் பார்த்துக்கொண்ட சாமர்த்தியசாலி அல்லவா?

சுலோசனா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, செல்வாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். 'பு. சுலோசனா' என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். போட்டு முடித்தும் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அன்னைக்கி நீங்க சாமான் ஏத்தும்போது நான் உள்ள கதவ சாத்திக்கினு உக்காந்திருந்தேன்ப்பா. நிர்மலா வரலன்னு எனக்குத் தெரியும். வெளிய வந்து உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த பேசல. அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. அம்மாவ ஒருநா கூட்டிக்கினு வா" என்றாள்.

செல்வா தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நிமிஷத்துக்கு இருநூறு வார்த்தை பாடுகிறவன், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

அவன் பாரிஸ் போனான். மேடையின் முடிவில் கூட்டத்தைப் பார்த்து, "புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில ஒரு அம்மா கையெழுத்துப் போட்டதாலதான் இங்க நிக்கிறன். பேர் சுலோசனா" என்றான். அந்த வீடியோ புருஷோத்தமனின் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. முழுதாகப் பார்த்தார். செல்போனைக் கவிழ்த்து வைத்தார். வெட்கம் வந்துவிட்டதோ என்று நினைக்கிறீர்களா? பிறகு நிதானமாக நாற்பத்தொரு பேருக்கு அனுப்பினார், 'பாரிஸ் மேடையில் எங்கள் குடும்பத்துக்கு நன்றி!' என்ற வாசகத்தோடு. "சுலோசனான்னா யாரு, நானுந்தான்" என்று பால் பூத்தில் விளக்கமும் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் இந்த இனம் இல்லை என்பதில் உங்களுக்குச் சந்தேகமே கிடையாது. புருஷோத்தமனுக்கும் கிடையாது, இதை அவரிடம் படித்துக் காட்டினால் "எங்க சங்கத் தலைவர் அப்படியே இதேதான்!" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். ஆகையால் ஒரே ஒரு கேள்வி கேட்டு விட்டுவிடலாம். உங்கள் மாடியிலோ எதிர்வீட்டிலோ ஒருத்தர் குடியிருக்கிறாரே, எந்த ஊர்க்காரர் என்று இன்னும் சரியாகத் தெரியாதவர், கொஞ்சம் சத்தம் போடுகிறார் என்று போன வாரம்கூட நீங்கள் யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டீர்களே, அவர் பெயர் என்ன?

தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். அவர் பெரிய ஆளானதும் உங்களுக்குத் தானாக ஞாபகம் வந்துவிடும்.