மைக்கில் ஏற்றிய பிள்ளை

கையில் மைக் கிடைத்த மனிதனுக்குக் காது கேட்காது, கண் தெரியாது, மூளையும் அவ்வளவாக வேலை செய்யாது. இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை, என்னுடைய சொந்த ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்குள் அகப்பட்டது கிளிநொச்சியில் பிறந்து எட்டு மாதமே ஆன ஒரு பிள்ளையும், ஒரு பெட்டி தடுப்பூசி மருந்தும், அதற்குப் பிறகான என் முழு வாழ்க்கையும்.

வவுனியாவுக்குப் போகும் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சண்டை நின்றிருந்த அந்த நாட்களில் நகரம் முழுக்கச் சீமெந்து மணந்தது. கூரையில்லாத சுவர்களுக்கெல்லாம் தகரம் ஏறிக்கொண்டிருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான் தாய் சேய் நிலையத்தில் சுகாதாரத் தொண்டனாகச் சேர்ந்தேன். கிணறுகளுக்குக் குளோரின் போடுவது, கதிரை அடுக்குவது, வந்திருக்கும் தாய்மாரின் பெயர் கூப்பிடுவது, இவைதான் வேலை. எனக்குப் பிடித்தது பெயர் கூப்பிடுவது. ஏனென்றால் எனக்குக் குரல் இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நான்தான் அறிவிப்பாளன். நூறு மீற்றர் ஓட்டத்தை ஓடியவர்களை விட அதிகம் மூச்சு வாங்கியவன் நான். (குரல் நல்லம், கதைக்கிற விஷயம்தான் சரியில்லை என்று அம்மா சொல்லுவா. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.)

நிலையத்தின் பொறுப்பாளர் சிவமலர் அக்கா, மருத்துவமாது. அவாவுக்கு ஒரு தலையிடி இருந்தது. பல வருட இடப்பெயர்வில், சுகமாக இருக்கும் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவரும் பழக்கமே தாய்மாருக்கு விட்டுப்போயிருந்தது. காய்ச்சல் வந்தால் வருவார்கள், ஊசிக்கு வரமாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை வவுனியாவிலிருந்து தடுப்பூசி மருந்து வருகிறது. ஐஸ் பெட்டிக்குள் வைத்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, குண்டும் குழியுமான வீதியால் வருகிற மருந்து. எங்கள் நிலையத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஐஸ் உருகுவதற்குள் ஊசி போடாவிட்டால் மருந்து வீண், அடுத்த பெட்டி எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே சனிக்கிழமை ஓர் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்து, வருகிற தாய்மாரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லலாம் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் யோசனை சொன்னார்.

நான் துள்ளிக் குதித்தேன். சவுண்ட் சேர்விஸ்காரரிடம் மைக் எடுக்கலாமா என்று கேட்டேன். எடு என்று அக்கா சொன்னா. அதுதான் அவா அந்த வருடம் செய்த ஒரேயொரு பிழை.

சனிக்கிழமை வேப்ப மரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டோம். நான் நினைத்த கூட்டத்தில் பாதி கூட வரவில்லை. வந்த பிள்ளைகள் எல்லோருடைய கன்னத்திலும் பெரிய கறுத்தப் பொட்டு. சிலருக்கு நெற்றியிலும் பொட்டு, உள்ளங்காலிலும் பொட்டு. சில தாய்மார் பிள்ளைக்கு வீட்டில் இருந்ததிலேயே மோசமான சட்டையைத் தேடிப் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் பிறந்து, இதே பொட்டோடு படம் பிடிக்கப்பட்டு வளர்ந்த எனக்கு இதில் ஒரு சேதி இருப்பது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் கையில் மைக் இருந்தது.

“இதோ, முதலாவது போட்டியாளர் தராசை நோக்கி வருகிறார். கால்களை உதைக்கிறார். நல்ல உதை. முள் ஏறுகிறது, ஏறுகிறது” என்று தொடங்கினேன். குரல் சந்தை வரை கேட்டது. மரக்கறி வாங்க வந்தவர்கள் பையோடு வந்து நின்றார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் ஏறியது. ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் உலக சாதனை போல அறிவித்தேன். கடைசியாகத் தேத்தண்ணிக் கடை ரஞ்சி அக்காவின் மகன் அகிலன் வந்தான். அப்பப்பா, என்ன பிள்ளை. தொடையில் மூன்று மடிப்பு, கையில் இரண்டு. தராசின் துணிப்பைக்குள் அவன் கால் நுழையவே பெரும்பாடு. முள் மற்றவர்களை எல்லாம் தாண்டிப் போய் நின்றது. மரக்கிளை முறியப் போகிறது, பொதுமக்கள் விலகி நிற்கவும் என்று அறிவித்தேன். சனம் கை தட்டியது.

ரஞ்சி அக்கா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிச் சேலைத் தலைப்பால் மூடினா. கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் மைக்கில் சொன்னேன். பரிசாக வைத்திருந்த வாளி, சவர்க்காரம், சத்துமா எதையும் அவா வாங்கவில்லை. “எனக்கு ஒண்டும் வேண்டாமக்கா, பிள்ளையை விட்டால் காணும்” என்று சிவமலர் அக்காவிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டா. தன்னடக்கம் என்று நினைத்தேன்.

அதோடு நான் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், ஆனால் எந்த நுணலும் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனதில்லை. நான் போனேன். அன்று பின்னேரம் ராசன் அண்ணையின் ஓட்டோவில் ஏறி, நகரத்தின் மிகக் கொழுத்த பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், நிறை எல்லாவற்றையும் வீதி வீதியாகச் சொன்னேன். கடைசியில் முகவரியையும் சொன்னேன். (விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர் எந்த இல்லத்து அணி என்றும் சொல்ல வேண்டும். பழக்கதோஷம்.)

ஞாயிற்றுக்கிழமை சனம் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போய் வரிசையில் நின்றது. பளையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருந்தார்களாம். சாம்பியனைத் தூக்கிப் பார்த்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஆளுக்கொன்று ஊட்டினார்கள். ஒருவர் வாழைப்பழம், ஒருவர் பால் ரொபி, ஒரு மகராசன் மீன் ரோல்ஸின் நுனி. இரவு பிள்ளை சத்தி எடுத்தது, உடம்பு சுட்டது. விடியுமுன் சேதி நகரம் முழுக்கப் போய்விட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. இந்தப் பிள்ளைக்கோ கண்ணூறும் நாவூறும் சேர்ந்து பட்டுவிட்டன, அதுவும் ஒலிபெருக்கியோடு.

திங்கள் காலை ஐஸ் பெட்டி வந்தது. சிவமலர் அக்கா ஊசிகளை ஒழுங்குபண்ணிவிட்டு வாசலைப் பார்த்தா. நான் அடுக்கிய கதிரைகள் அப்படியே இருந்தன. ஒரு தாய் கூட வரவில்லை. ஒன்பது மணியானது, பத்தானது. அக்கா பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

“தம்பி, நீர் வாய் திறந்து வந்த வினை இது. போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்றா.

சைக்கிளில் பறந்தேன். முதல் வீட்டில் பிள்ளை பளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தனியாகவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அடுத்த வீட்டில் எங்களுக்குப் பிள்ளையே இல்லை என்றார்கள். கொடியில் முழுக்கப் பிள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் சேலையில் கட்டிய ஏணை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் யார் என்று கேட்டேன். “வெங்காயம் கட்டி வைச்சிருக்கிறன் தம்பி” என்றா அந்த அம்மா. வெங்காயம் தும்மியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

கடைசியில், போகப் பயந்த வீட்டுக்கே போனேன். வாசலில் ரஞ்சி அக்காவின் தங்கை மேகலா நின்றாள். பிள்ளைக்கு இப்போது சத்தி நின்றுவிட்டது, சீனியும் உப்பும் கரைத்த தண்ணீர் பருக்குகிறோம் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே படித்தவன் போல, கண்ணூறெல்லாம் இல்லை, காரணம் வாழைப்பழமும் ரோல்ஸும்தான் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ரோல்ஸ் எண்டு எங்களுக்கும் தெரியும். அந்த ரோல்ஸ்காரனை இஞ்சை அனுப்பினது ஆர்?”

 அப்போதுதான் அவள் சொன்னாள். இடம்பெயர்ந்து காட்டோரம் இருந்த காலத்தில் ரஞ்சி அக்கா முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவ. அதுவும் கொழுகொழுவென்று இருந்த பிள்ளையாம். பார்த்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொன்ன பிள்ளையாம்.  சனிக்கிழமை அவா அழுததைத்தான் நான் ஆனந்தக் கண்ணீர் என்று மைக்கில் சொன்னேன். என்ன செய்ய வேண்டுமென்று சொல்லுங்கள், செய்கிறேன் என்றேன்.

“மைக்கில ஏத்தினது நீங்கள்தானே. மைக்கிலயே இறக்குங்கோ” என்றாள்.

ராசன் அண்ணையின் ஓட்டோ மீண்டும் புறப்பட்டது.

“அன்பான பொதுமக்களே, ஒரு திருத்தம். சனிக்கிழமை முதலாம் இடம் பெற்ற பிள்ளை கொழுத்த பிள்ளை அல்ல. தராசு பிழை. பிள்ளை மெலிவு. சாதாரண மெலிவு அல்ல, நல்ல மெலிவு.”

தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது பார்த்தேன். ரஞ்சி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தா, முகம் தெளிந்திருந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு பிள்ளையை வெளியே கொண்டுவந்திருக்கிறா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் நான் அளவோடு நிற்கிறவனா? பிள்ளைக்கு நெஞ்செலும்பு தெரிகிறது என்றேன், காற்றடித்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். அகிலன் இடுப்பில் இருந்தபடி மூன்று மடிப்புத் தொடையை ஆட்டிக்கொண்டு சிரித்தான்.

அடுத்த சந்தியில் ஓட்டோவை மறித்தது வெங்காயத்தின் தாய். சனிக்கிழமை தன் பிள்ளையின் நிறையையும் நான் சொன்னதாகவும், அதையும் இறக்கிவிடும்படியும் கேட்டா. பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் போட்டிக்கே வராத ஒருத்தி. “என்ர பிள்ளையையும் மெலிவெண்டு ஒருக்கா சொல்லிவிடுங்கோ தம்பி, முன்னெச்சரிக்கைக்கு” என்றா அந்தக் கடைசி அம்மா. அந்தக் கணத்தில் என் தலைக்குள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விளக்கு எரிந்தது. சொல்கிறேன், ஆனால் கிளினிக்குக்கு வந்து ஊசி போட்ட பிள்ளைகளை மட்டும்தான் மெலிவு என்று அறிவிப்பேன் என்றேன்.

நிலையத்து வாசலில் வரிசை வேலியைத் தாண்டியது. அக்கா ஊசி போடுவா, பிள்ளை வீரிடும், நான் வெளியே நின்று பெயரைச் சொல்லி, மெலிவு, படுமெலிவு, எலும்பும் தோலும் என்று தரம் பிரித்து அறிவிப்பேன். தாய்மார் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பிவந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எலும்பும் தோலும் என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைக்கு வெறும் மெலிவா என்று சண்டை பிடித்தா. கடைசி மருந்து முடிந்தபோது பெட்டிக்குள் ஐஸ் கொட்டைப்பாக்களவு மிச்சம் இருந்தது. அக்கா அந்தக் கட்டியை எடுத்து என் உச்சந்தலையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா.

சிரித்து முடியவில்லை, வெள்ளை நிற வாகனமொன்று வாசலில் வந்து நின்றது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் ஆட்கள், முல்லைத்தீவுக்குப் போகிற வழி. அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் சந்தையடியில் நின்று ஒரு மணித்தியாலமாக என் அறிவிப்பைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருக்கிறார். நகரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் எலும்பும் தோலும். வெள்ளைக்காரப் பெண்மணி கண் கலங்கி என் கையைப் பிடித்தா. நான் கண்ணூறு பற்றி ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த ஆங்கிலத்தைக் கேட்டு அவா பிள்ளைகளுக்குக் கண் நோயும் இருக்கிறதென்று எழுதிக்கொண்டா.

அடுத்த கிழமை ஒரு லொறி சத்து பிஸ்கட் வந்தது. கண் மருந்தும் வந்தது. டொக்டர் என்னைக் கூப்பிட்டு, கிணறுகளுக்குக் குளோரின் போடுவது மிக முக்கியமான பணி, இனி அதை மட்டும் பாரும் என்றார். (கிணற்றுக்குள் மைக் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.)

பிள்ளையின் சுகம் விசாரிக்க என்று தினமும் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பிள்ளை இரண்டு நாளில் சுகமாகிவிட்டான், நான் ஒரு வருடம் விசாரித்தேன். கடைசியில் மேகலா என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று அவள் சவுண்ட் சேர்விஸ்காரரிடம் சொன்ன ஒரே விஷயம், மாப்பிள்ளையின் கைக்கு மைக் போகக்கூடாது என்பது.

பிறகு சண்டை திரும்பி வந்தது. கடை போனது, நிலையம் போனது, அந்த வேப்ப மரமும் போனது. எல்லாம் முடிந்து வவுனியா அகதி முகாமில் நாங்களும் ரஞ்சி அக்காவும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தபோது அகிலனுக்கு ஆறு வயது. நான் அன்றைக்கு மைக்கில் சொன்னதெல்லாம் அப்போது அவன் உடம்பில் இருந்தது. நெஞ்செலும்பை எண்ணலாம்.  ரஞ்சி அக்கா அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினா.

“தம்பி, இவன் கொழுத்த பிள்ளையெண்டு ஒருக்கா சொல்லும். அண்டைக்குச் சொன்ன மாதிரிப் பெலத்துச் சொல்லும்.”

சாப்பாட்டு வரிசை நடுவே, மைக் இல்லாமல், தொண்டை கிழியக் கத்தினேன். இதோ வருகிறார் கிளிநொச்சியின் சாம்பியன், மரக்கிளை முறியப் போகிறது, பொதுமக்கள் விலகி நிற்கவும். வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தது அகிலன், பிறகு ரஞ்சி அக்கா. நான் மட்டும் அழுதேன்.

என் நாவூறு பொல்லாதது. அது பலித்துவிட்டது. இன்றைக்கு அகிலன் எங்கள் வீட்டு நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வரமாட்டான், பக்கவாட்டில் திரும்பினால்தான் குசினிக்குள் நுழைவான். வந்து சாப்பிட உட்கார்ந்ததும், “சித்தப்பா, நிறையை அறிவியுங்கோ” என்பான். மேகலா அகப்பையைத் தூக்குவாள். ரஞ்சி அக்கா உப்பும் மிளகாயும் எடுக்க எழும்புவா. நான் கரண்டியை மைக்காகப் பிடித்து, தொண்டையைச் செருமி, மெலிவு என்று அறிவிப்பேன். அவனுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்ரிக் கதிரை மட்டும் அதை நம்புவதில்லை.