குளிர்மலை லாட்ஜ் மேனேஜர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். இனி நானும் மேனேஜராக வாழ்வேன்.

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. மலை போல நிற்கும் பெட்டிகள் நான் நில் என்றால் நிற்கும். பெட்டிகளுக்குக் காது கிடையாது, நான் சொல்லாவிட்டாலும் அவை நிற்கும் என்பது வேறு விஷயம். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த மரியாதையும் கிடையாது. அங்கே என் மனைவி பூமாரி சூப்பர்வைசர். நான் பெட்டி.

இந்த வயிற்றெரிச்சலை நசீரிடம் கொட்டினேன். நசீர் என் பழைய தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"மாமு, உன் பேஜாருக்கு ஒரு மருந்து கீது" என்றான்.

"இன்னா மருந்து?"

"கேமு. ஒரு லாட்ஜுக்கு நீதான் மேனேஜரு. ஆனா..." குரலைத் தாழ்த்தினான். "பெரியவங்களுக்கு மட்டும். பதினெட்டு பிளஸ்."

"எனக்கு நாப்பத்தெட்டு நைனா."

"அப்ப நீ ரொம்பவே பிளஸ்ஸு. போனைக் குடு."

போட்டுக் கொடுத்தான். 'குளிர்மலை லாட்ஜ்.' ஒரு மலை, ஒரு லாட்ஜ், ஒரு பார் ஹால், அதில் ஆடுவதற்கு லில்லி என்று ஒரு டான்ஸர். லில்லியின் உடுப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதுகிற அளவுக்கு அதில் துணி இல்லை. லில்லியைச் சமாளித்து ஜெயித்தால் ஒரு ஸ்பெஷல் படம் திறக்கும் என்று நசீர் கண்ணடித்தான். அப்போது என் நெஞ்சில் பொங்கியது நிர்வாக ஆர்வம் மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சமாளிப்பதுதான் கஷ்டம். லாட்ஜில் சமையல்காரன் கோபித்தாலும், விருந்தாளி கத்தினாலும், லில்லி சம்பளம் கேட்டாலும், எல்லாமே சீட்டுச் சண்டைதான். ஒவ்வொரு சுற்றிலும் கைக்கு ஐந்து சீட்டு வரும். சீட்டைப் போட தெம்பு வேண்டும். தெம்பு சுற்றுக்கு மூன்றுதான். 'அதட்டல்' சீட்டு இரண்டு தெம்பைத் தின்னும். 'சாக்கு' ஒன்று. 'மௌனம்' இலவசம், எதிராளியின் அடியைத் தாங்கும். 'ஐஸ்' வைத்துவிட்டு அடுத்த சீட்டைப் போட்டால் அதற்கு இரட்டை வேகம். எதிராளி அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று அவர் தலைக்கு மேலேயே ஒரு சின்னப் படம் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனை வசதி இருந்தும் நம் மானம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஆட்டம் அவுட். இந்த விதி வீட்டிலும் இருந்திருந்தால், கல்யாணமான வாரமே நான் அவுட்.

ஆடுவதற்கு எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை கக்கூஸ்தான். அங்கே உட்கார்ந்து தினமும் லில்லியிடம் தோற்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோற்ற ஆத்திரத்தில் என்னை மறந்து, "சே! நல்ல கார்டே வர மாட்டேங்குதே!" என்று கத்திவிட்டேன்.

கதவு இடிபட்டது.

"இன்னாய்யா உள்ள கார்டு கார்டுன்ற? ரம்மி ஆடறியா?"

"ரம்மியா? சீச்சீ!"

"அப்ப வேற இன்னா கார்டு? வெளிய வா. ஒயுங்கா சொல்லிடு."

தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் யோசித்தேன். ரம்மி என்றால் வீட்டை விட்டுத் துரத்துவாள். லில்லி என்றால் துரத்த மாட்டாள், உள்ளேயே வைத்து உரிப்பாள். வெளியே வரும்போது என் வாய் தானாகப் பேசியது.

"மேனேஜ்மென்ட் படிக்கிறேன் பூமாரி. சீட்டு மாதிரி போட்டு சொல்லித் தராங்க. புது மெதடு."

பூமாரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை.

"படிக்கிறத கக்கூஸ்ல குந்திகினு படிச்சா சரஸ்வதி கோச்சிக்கும்யா. ஹாலுக்கு வா. நானும் பாக்கறேன்."

அன்றிலிருந்து என் படிப்பு ஹாலில், பூமாரியின் மேற்பார்வையில் நடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப்பட்டாணி உரிப்பாள். நான் இடது கட்டைவிரலை லில்லியின் மேல் அழுத்திக்கொண்டு, வலது கையால் சீட்டுப் போடுவேன்.

"விரலை எட்தியன்னா எனக்கும் தெரியும்ல?"

"விரல்ல அடிபட்டுகீது. அய்த்திப் புடிச்சாதான் வலி தெரியல."

"அது இன்னா, தலைக்கு மேல இடி மாதிரி ஒரு படம் வருது?"

"அவங்க கத்தப் போறாங்கன்னு அர்த்தம்."

"யாரு?"

"ஒரு... ஊழியர்."

பெண்டாட்டிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் ஒரு போதை இருக்கிறது. அதுவரை எனக்கு அது வாய்த்ததே இல்லை. தெம்பு என்றால் என்ன, போட்ட சீட்டு எங்கே போகிறது, கட்டு தீர்ந்ததும் பழைய சீட்டுகள் கலைந்து எப்படித் திரும்பி வருகின்றன, எல்லாம் விளக்கினேன். புரொபசரே என்னிடம் தோற்றுவிடுவார். விளக்கிக்கொண்டே லில்லியிடம் நானும் தோற்றேன்.

ஒரு நாள் பூமாரி பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, உன் கட்டுல இன்னா இத்தினி அதட்டலு?"

"அதான் பவரு. ஒவ்வொன்னா சேத்து வெச்சிகீறேன்."

"பவர வெச்சி இன்னா பண்றது? ரெண்டு அதட்டல் ஒண்ணா கைக்கு வந்தா போடத் தெம்பு இல்லாம முழிக்கிற. பாதிய தூக்கிப் போடு. பரண் பூரா ஓட்டை பக்கெட்ட அடுக்கிட்டு நல்ல பக்கெட்ட தேடற ஆளுதானே நீ."

"இதெல்லாம் உனுக்குப் புரியாதுமே. இது மேனேஜ்மென்ட்டு."

"போட்டுத்தான் பாரேன்."

அவள் தப்பு என்று நிரூபிப்பதற்காகவே தூக்கிப் போட்டேன். கட்டு இளைத்தது. மௌனமும் ஐஸும் மாறி மாறிக் கைக்கு வந்தன. லில்லியின் தலைக்கு மேல் இடி தெரிந்தது. நான் அதட்டலைத் தொட்டேன்.

"கைய எடு!" என்று பூமாரி அதட்டினாள். "அவங்க கத்தட்டும். நீ சொம்மா இரு. கத்தி முடிச்சாக்க ஐஸ் வையி. அப்பால ஒரே போடு."

சும்மா இருந்தேன். ஐஸ் வைத்தேன். ஒரே போடு. லில்லி மண்டியிட்டாள்!

திரை மினுமினுத்தது. ஸ்பெஷல் படம் திறக்கப் போகிறது. பக்கத்தில் பூமாரி. என் ஒரு கட்டைவிரல் போதாது என்று ஐந்து விரலையும் திரைமேல் பரப்பினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். படம் திறந்தது. 'நமது பண்பாட்டுக்கேற்பத் திருத்தப்பட்டது' என்று மேலே ஒரு வரி. கீழே லில்லி, கழுத்து வரை ஸ்வெட்டர், அதற்கு மேல் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா, கைகூப்பி "நன்றி மேனேஜர்" என்றாள்.

"ரொம்ப மரியாதையான பொண்ணா கீதே" என்றாள் பூமாரி. "ஏன்யா, உன் மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சி?"

அந்தத் துக்கத்திலிருந்து நான் மீள்வதற்குள் அவள் அடுத்த குண்டைப் போட்டாள்.

"திருவொத்தியூர் தேரடியாண்ட பிலோமிக்கா லேடீஸ் ஹாஸ்டல் நடத்துது இல்ல, அங்க மேனேஜர் வேணுமாம். நான் போயி கேக்கப் போறேன்."

இது விளையாட்டில்லை. பூமாரி வேலைக்குப் போனால் குழம்பு யார் வைப்பது? தண்ணீர் யார் பிடிப்பது? அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே வீட்டில் நான் சூப்பர்வைசர், அவள் மேனேஜர்! யார்டில் மேனேஜரைக் கண்டால் நான் எழுந்து நிற்பேன். வீட்டிலும் நிற்க வேண்டியதுதானா?

அவள் தலைக்கு மேல் பார்த்தேன். இடியும் இல்லை, வேறு எந்தப் படமும் இல்லை. சீலிங் ஃபேன்தான் சுற்றியது. இருந்தாலும் நான் படித்தவன். தெம்பைக் கூட்டி முதல் சீட்டைப் போட்டேன்.

"அதெல்லாம் வேலைக்குப் போவக் கூடாது!"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு யாரு சோறு போடறது?"

ஒரு பனியனை மடித்தாள்.

"ஜனம் இன்னா பேசும்? பெண்டாட்டி சம்பாத்தியத்துல குந்தித் துன்றான்னு பேசாது?"

ஒரு லுங்கியை மடித்தாள்.

"மணலி பாக்டரி காத்து அடிக்கிற நாள்ல வெளிய போனா உன் ஒடம்புக்கு ஆவுமா?"

"மணலி காத்து வூட்டுக்குள்ள வராதா?" என்றுகூட அவள் கேட்கவில்லை. நான் அதையும் எதிர்பார்த்துப் பதில் வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று. வாய் உலர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் கடைசித் துணியை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிதா? இன்னும் எதுனா கைல கீதா?"

"இல்ல."

"உன்னியாட்டம் புரிஞ்சிக்கற புருஷன் எவளுக்குக் கீறான், சொல்லு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ்! அது ஐஸ் என்று எனக்கு உறைப்பதற்குள் அடுத்தது விழுந்தது.

"நாளைக்கு நீயும் கூட வா. உன் மேனேஜ்மென்ட்டு மூளை பக்கத்துல இருந்தா எனுக்கு தைரியம். சட்டய அயன் பண்ணி வெச்சிகீறேன்."

போனேன்.

பிலோமிக்கா ராயபுரத்துக்காரர். கப்பல் சங்கு மாதிரி குரல். எங்களை உட்கார வைத்து, "இங்க இருந்த மேனேஜருங்க எல்லாம் ஓடிட்டாங்கம்மா. பொண்ணுங்க சண்ட தாங்காது" என்று சொல்லி வாய் மூடவில்லை, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் புயலாக உள்ளே வந்தாள். ஷாலுவாம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலையாம்.

"இன்னாக்கா இது! பாத்ரூமுக்குள்ள போனவ வரவே மாட்டேன்றா! என் பக்கெட்டையும் தூக்கிகினு பூட்டா! கம்பெனி பஸ்ஸு பூடும்! ஹாஸ்டலா இது, கலீஜ்!"

"பாத்தியாம்மா?" என்று பிலோமிக்கா பூமாரியைப் பார்த்தார். "இதான் பரிட்சை. சமாளி."

பூமாரி ஒன்றும் பேசவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஷாலு கத்தினாள். பக்கெட்டின் நிறம், அதை வாங்கிக் கொடுத்த அம்மா, போன வாரம் காணாமல் போன சோப்பு எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினாள். கத்திக் கத்தி மூச்சு வாங்க நின்றாள். 'மௌனம்' என்று என் உதடு முணுமுணுத்தது.

"இவ்ளோ நீட்டு முடிய வெச்சிகினு ஒரு சிக்கு இல்லியே கண்ணு. இன்னா எண்ணெய் போடற?" என்றாள் பூமாரி.

ஷாலுவின் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. "தேங்காண்ணதான்கா."

'ஐஸ்.'

"இவ்ளோ வெவரமா பேசற. பாத்ரூமுக்கு யாரு மொதல்ல, யாரு அப்பாலன்னு நாளையிலருந்து நீயே முடிவு பண்ணு. நீ சொல்றதுதான் சட்டம். எவளாவது மீறுனா என்னாண்ட சொல்லு."

புயல் கரையைக் கடந்தது. ஷாலு சிரித்தாள். போகும்போது கதவைக்கூட மெல்லச் சாத்தினாள். உள்ளேயிருந்து அவள் அதிகாரக் குரல் கேட்டது: "ஏய், வெளிய வாடி! இனிமே நான் சொல்றப்பதான் குளிக்கணும்!"

எனக்கு ஒரு பக்கம் பெருமை. நான் சொல்லிக் கொடுத்த ஆட்டம்! இன்னொரு பக்கம் ஒன்று புரிந்தது. நேற்று துணி மடித்தபோது இதே வரிசையில்தான் என்னையும் மடித்திருக்கிறாள்.

"யம்மா! எங்கம்மா கத்துகின?" என்றார் பிலோமிக்கா.

"இவுரு மேனேஜ்மென்ட்டு படிக்கிறாரு. பக்கத்துல குந்தி கேட்டுகினேன்."

பிலோமிக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "எந்த காலேஜு சார்?"

"அது... மலையில கீதும்மா."

"ஊட்டியா?"

"அந்தப் பக்கம்தான்."

"வேலை உனுக்குத்தாம்மா" என்று பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூமாரி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். நடையே மாறிவிட்டது. பழகிய பிள்ளை மாதிரி ஷாலு அவள் பின்னாலேயே சுற்றினாள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்தாள். "அங்கிள், போனைக் குடுங்க, அக்கா போனோட சேத்து வுடறேன், ரெண்டு பேரும் எங்க கீறீங்கன்னு தெரியும், சேஃப்டி" என்றாள். கொடுத்தேன். அக்கறையான பெண்.

மறுநாள் எனக்கு வார லீவு. பூமாரி டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனாள். வீடு எனக்கே எனக்கு. சோபாவில் காலை நீட்டினேன். கட்டைவிரலுக்கு வேலையில்லை. இன்று நான் தனியாக, சுதந்திரமாக, மேனேஜர்! குளிர்மலை லாட்ஜைத் தொட்டேன்.

லாட்ஜ் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வரி வந்தது: 'இந்தக் குழந்தை இந்த ஆட்டத்தைத் திறக்கக் குடும்ப மேலாளரின் அனுமதி தேவை.' அதற்குக் கீழே, குடும்ப மேலாளர்: பூமாரி.

வழுக்கையைத் தடவிக்கொண்டே அனுமதி கேட்கும் பட்டனை அழுத்தினேன். பொறுக்காமல் போன் போட்டேன்.

"பூமாரி, என் படிப்பு..."

"உன் கோரிக்க வந்துச்சுயா" என்றாள் மேனேஜர். "பரிசீலனைல கீது. அதுவரைக்கும் தண்ணி லாரி வருதான்னு பாத்துகினு குடத்தோட தெருவுல நில்லு."