ஊசி குத்திய மெழுகு முகம்

என் முகத்தை நானே ஒருமுறை கல்லால் அடித்துக் கடலில் மூழ்கடித்திருக்கிறேன். இது குற்றத்தில் சேருமா என்று தெரியாது. முட்டாள்தனத்தில் நிச்சயம் சேரும்.

தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். (இறைச்சிக் கடைக்காரர் சிரித்தால், எலும்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.) அப்படிப்பட்டவளுக்கு, கபோச் சந்தைக்குப் பின்னால் சிஞ்ஞோர் பாவெல் வீட்டில் துப்புரவு வேலை கிடைத்தது. செக் நாட்டுக்காரர். சிசிலிப் பெண்ணைக் கட்டி இங்கே வந்து, அந்த அம்மா காலமான பிறகு தனியாக இருந்தார். அவர் பதக்கம் செய்யும் சிற்பி என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியிருக்கும்.

மனுசன் என்னை நேரே பார்க்கவே மாட்டார். நான் உடுப்பு அயர்ன் பண்ணும்போது பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டிப் பார்ப்பார். ஒருநாள் இரும்புக் கவராயத்தால் என் மூக்குக்கும் காதுக்கும் இடையே அளந்தார். இன்னொரு நாள் என் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். பிறந்த திகதியும் கேட்டார். செய்வினை வைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

வேலையை விட்டு ஓடவும் வழியில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடிய மூன்று வாரம்தான் இருந்தது. அதைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதம் வேண்டும். கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்றார். அந்தக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராவுக்கு, அதுதான் பொலிஸ் அலுவலகத்துக்கு, போனால், அடுத்தது ஊருக்கு விமானம்தான்.

ஒரு மத்தியானம் அந்த அறை திறந்து கிடந்தது. விளக்குமாற்றைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் என் முகம்! மஞ்சள் மெழுகில், பக்கவாட்டில், அச்சாக என் மூக்கு. நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் ஊசிகள். பக்கத்தில் காய்ந்த சாந்துத் தட்டொன்றில் என் பெயர், இடம்வலம் மாற்றி வெட்டியிருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, என்னோடு வாடகை அறையில் ஒன்றாகத் தங்கியிருந்த மெற்றில்டா அக்காவிடம் ஓடினேன். அவர் மன்னார்க்காரி, கத்தோலிக்கர்.

"அக்கா, அந்தாள் எனக்குச் சூனியம் செய்யுது!"

"உனக்கென்ன விசரோ? நாங்கள் உதெல்லாம் நம்பிறேல்லை." கொஞ்சம் யோசித்தார். "எத்தினை ஊசி?"

"பதினொண்டு."

"அப்ப கடலிலைதான் போடவேணும். நான் கோயில் தீர்த்தமும் கொண்டு வாறன்."

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்கு பஸ் எடுத்தோம். தேசிக்காய் வெட்டி, தீர்த்தம் தெளித்து, எல்லாவற்றையும் எறிந்தேன். சாந்துத் தட்டு உடனே தாழ்ந்தது. முகம் மிதந்தது. (மெழுகு மிதக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள், அன்றைக்கு நான் போகவில்லை போல.) ஊசிகளை மேலே நீட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடி வந்தது.

"கல்லாலை எறியடி!" என்று அக்கா கத்தினார்.

எறிந்தேன். மீன் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அக்கா தன் கழுத்துத் துணியில் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டித்தான் அதைத் தாட்டார்.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோர் பாவெல் வெளிறிப்போய் வாசலில் நின்றார். "என் மெழுகு எங்கே? மூன்று மாத வேலை!"

"கடலில்!" என்றேன் வீரமாக.

"ஏன்?"

"ஊசி!"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்குப் புரியும் சின்னச் சின்ன வார்த்தைகளில் விளக்கினார். ஊசி, முகத்தில் எந்த இடம் எவ்வளவு உயர்ந்து நிற்கவேண்டும் என்பதற்கு அடையாளமாம். பெயரை இடம்வலம் மாற்றி வெட்டினால்தான் வார்க்கும்போது நேராக வருமாம். எல்லாம் கண்காட்சிக்கு ஒரு பதக்கத்துக்காம்; பிறந்த திகதியும் அதில் வருமாம். "என் நாட்டில் வாழ்நாள் முழுக்க மந்திரிமார் முகம் செய்தேன். ஒருமுறையாவது நான் மதிக்கிற ஒருவரின் முகத்தைச் செய்ய ஆசைப்பட்டேன். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் யன்னலைத் திறந்தது நீதான்."

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "கடிதம்?" என்று கேட்டேன். (காரியத்தில் கண்.)

பதக்கத்தோடு சேர்த்துத் தரவென்று மேசை லாச்சிக்குள் எழுதியே வைத்திருந்தாராம். அப்போதே எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இனி ஒளித்துப் பார்க்கமாட்டேன், உட்கார்" என்றார்.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. பத்து நாள் அசையாமல் உட்கார்ந்தேன். ஆனால் அவர் கவராயத்தைத் தொடும்போதெல்லாம் என் கண் என்னைக் கேட்காமலே ஓரத்துக்கு ஓடியது. மனுசன் கண்டதை அப்படியே செய்துவிட்டார். கண்காட்சியில் அந்தக் கண்ணைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்களாம்.

இப்போது ஒரேத்தோவில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் அந்தப் பதக்கம் தொங்குகிறது. வருகிறவர்கள் கரண்டி களவெடுக்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. சந்தையில் மீன் புதுசா என்று நான் செவுளைத் தூக்கிப் பார்த்தாலே என் மகள், "மம்மா, மெடாலியா முழி முழிக்காதேங்கோ!" என்பாள். (மெடாலியா என்றால் பதக்கம்.) போன வருடம் மருமகளாக வரப்போகிற பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்தது. சுவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மெதுவாக என் மனுசனிடம் கேட்டது:

"மாமா, மாமி எப்பவும் இப்பிடித்தானோ?"

"ஓம் பிள்ளை, வெண்கலத்திலை வார்த்தது. இனி மாறாது."