பதினெட்டாவது வளைவு

கவிதை எழுதுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் நம்பிக் கொடுக்கலாம், மனைப்பிரிவு வரைபடத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

குரங்கணிச் சாலையோரம் எங்களுக்கு ஓர் இலவந்தோப்பு இருந்தது. அதை எட்டு மனைகளாகப் பிரித்து, உள்ளே ஒரு தெரு விட்டு, தெருக்கோடி மனை அக்காவுக்கு, அதற்கு முந்தின மனை எனக்கு என்று முடிவு. அக்கா இருபது வருடமாக மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் குடியிருந்தவள். மழை, அட்டை, உலராத துணி. "போடியில ஒரு காஞ்ச வீட்ல படுத்துத் தூங்கணும்டா, அம்புட்டுத்தேன்" என்பாள். மச்சான் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவர். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கீறல் விழாமல் ஏறி இறங்கியவர். (நான் அந்த வழியில் பஸ்சில் போனால் முன்கம்பியை விடவே மாட்டேன்.)

சிக்கல் என்னவென்றால், தெரு நேராகப் போய் அக்கா மனையில் முட்டியது.

"தெருக்குத்து இருக்குற வீட்ல குடும்பம் வெளங்குமாடா?" அக்கா முகம் சுண்டிப்போனது.

எனக்கோ உட்கார்ந்து யோசிக்கும் பொறுமை என்றைக்கும் கிடையாது. மலையிலிருந்து காற்று இறங்கினால் போதும், காலும் மனசும் ஒன்றாகக் கிளம்பிவிடும். பென்சிலை எடுத்தேன், தெருவை என் மனையோரம் சடாரென்று வளைத்தேன். பிளான் போடுகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, தெருவ நேரா விட்டு ஒரு புள்ளையார வச்சுக்கலாம். வளச்சே ஆகணும்னா உங்க மனை முக்கச் சாய்வா வெட்டித் தெருவுக்கு விடுங்க. எதிர்ல வர்றது தெரியணும்ல?"

"நதி என்ன நேராவா போகுது?" என்றேன், அழகாக.

"நதிக்கு எதிர்ல நதி வராதுண்ணே."

அந்த ஒரு வரிக்காகவே அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். மாறாக, அந்த முக்கில் ஆளுயரச் சுவர் எழுப்பி, அதன்மேல் காகிதப்பூக் கொடியும் ஏற்றினேன். வளைவு என்றால் மர்மம் வேண்டுமாம்.

அக்கா வீட்டுக்குக் கடைக்கால் போடும் நாள். குழி தயார், செங்கல் தயார், ஐயர் தயார். மலையிலிருந்து அக்காவும் மச்சானும் மட்டும் வரவில்லை. நான் ஐந்து முறை சாலைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். ஆறாவது முறை ஸ்கூட்டரை முறுக்கினேன். அதே நேரம் உள்ளே நுழைந்த ஜீப்பில் அக்கா, "வெரசா போங்க, நல்ல நேரம் முடியப் போகுது!"

வளைவில் முதலில் பூ தெரிந்தது. அடுத்து பம்பர்.

நான் ஒடித்துத் திருப்பியதில் ஸ்கூட்டரோடு கடைக்கால் குழிக்குள் போனேன். என்மேல் ஏறாமலிருக்க மச்சான் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் விட்டார். தெரு எந்தக் கோட்டில் போயிருக்க வேண்டுமோ அதே கோட்டில் ஜீப்பு போய், அக்கா மனைக்குள் ஏறி, பூஜைச் செங்கலை நொறுக்கி, குழிக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. தாம்பாளத்துத் தேங்காய் உருண்டுவந்து என் மடியில் விழுந்தது.

மச்சான் இறங்கி எட்டிப் பார்த்தார். "மாப்ளே, மேல பதினேழு வளைவுலயும் எதிர்ல வர்றவன் ஆரன் அடிப்பான். இங்க பூவுல்ல வருது!"

"அடி பட்டுச்சாடா?" இது அக்கா.

"இல்லக்கா."

"அப்பக் கேளு. எனக்கு உன் மனையும் வேணாம், வளைவும் வேணாம். நான் மலைக்கே போறேன். அட்டை கடிச்சா உப்பு வச்சா விட்டுரும்."

"தெருக்குத்து வேணாம்னுதானக்கா வளச்சேன்..."

"கண்ணுக்குத் தெரிஞ்சு வர்றது குத்து இல்லடா. தெரியாம வருது பாரு, அதுதேன் குத்து!"

குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிவிட்டாள். அவள் கேட்டது ஒரு காய்ந்த வீடு. அதற்கு நான் கொடுத்தது ஒரு மர்மம். "முக்க வெட்டி விடுறேன்க்கா, இன்னைக்கே" என்றேன். பொழுது சாய்வதற்குள் சுவரும் பூவும் மண்ணில் கிடந்தன.

அக்கா இப்போது காய்ந்த வீட்டில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். முக்கை இழந்த என் மனையில் எழும்பிய கூடத்துக்கு ஐந்து மூலைகள். சாய்வாக வெட்டிய பக்கத்து மூலைகளில் எந்த பீரோவும் ஒட்டி நிற்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பிளான்காரர் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

இப்போது அந்த முக்கில் நின்றால் தெருவின் இரண்டு முனையும் தெரியும். ஆனாலும் மச்சான் தினமும் அங்கே வந்ததும் மெட்டில் அடிப்பதுபோல் நீளமாக ஹாரன் அடிப்பார். வீட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "பதினெட்டு வருது, கம்பியப் புடிச்சுக்கங்க!"

கூடத்தின் சாய்வுச் சுவரோரம் கவிதை எழுத உட்கார்ந்திருக்கும் நான், இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொள்கிறேன்.