ரசாக் பாயின் வலது கால்

"அந்தப் புள்ள மறுபடி கத்தி எடுத்துச்சுன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

"கத்தி இல்லீங்க மாமி, சின்னக் கரண்டி."

"கத்தியோ கரண்டியோ. மூணு நாளாத்தான் புதுத் தோலு பளபளன்னு கெளம்பி வருது. அதப் போயி சொரண்டறியே, மனசாட்சி இருக்குதா உனக்கு?"

பக்ருன்னிசா போட்ட சத்தம் கோட்டைமேட்டில் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. கேட்காதவர்கள் வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டார்கள்.

கட்டிலில் அவள் கணவர், டெய்லர் ரசாக், வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெருவிரலுக்கு அடியில் எட்டணா அகலத்துக்கு ஒரு புண். சர்க்கரை வியாதிக்காரர், நாலு மாதமாக ஆறவில்லை. இருபது நாளில் வழிக்கு வராவிட்டால் காலைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் பாலகோபால் சொல்லிவிட்டார். தையல் மெஷினை மிதிக்கிற கால். அன்றிலிருந்து மனிதர் தூங்கும்போதும் அதைக் கையால் பிடித்துக்கொண்டுதான் படுத்தார்.

"அது தோலு இல்லீங்க மாமி," என்றாள் டிரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸ் நஸ்ரியா. "கிருமிக கூட்டமா ஒக்காந்துட்டு, மேல கூழாட்டம் போர்வை போத்திக்கிச்சுங்க. மருந்து உள்ள எறங்காது. போர்வைய எடுத்துப்போட்டு, வெள்ளி உப்புக் கரைச்ச இந்த வெள்ளித்தண்ணில நனைச்ச துணி வெச்சாத்தான் சாகும்."

"கிருமி போர்வ போத்துதாமா. கேட்டீங்களா?"

ரசாக் இரண்டு பேரையும் பார்த்தார். ஒருத்தி கையில் கரண்டி. இன்னொருத்தி கையில் அவருடைய மத்தியானச் சோறு.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அம்மணி," என்றார்.

நாளைக்கும் பக்ருன்னிசா கதவைத் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. அவர் கருமத்தம்பட்டி போயிருக்கிறார் என்று ஜன்னல் வழியாகவே நர்ஸை அனுப்பிவிட்டாள். நாலாம் நாள் புதுத் தோல் தடித்து மஞ்சளானது. ஐந்தாம் நாள் வாடை அடித்தது. அத்தர் தெளித்தாள். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பி, எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்போது பயம் வந்தது. நர்ஸைக் கூப்பிட ரோஷம் விடவில்லை.

துணி காயாமல் நனைத்துக்கொள்ள நஸ்ரியா முன்பே கொடுத்துப்போன வெள்ளித்தண்ணி பாட்டில் அலமாரியில் இருந்தது. பார்க்க வெறும் தண்ணீர்தான். புண்ணுக்கு ஒரு துண்டுத் துணி என்றால் பாதத்துக்கே ஒரு முழம் நல்லதுதானே? கணுக்கால்வரை சுற்றி, அரைமணிக்கு ஒரு தரம் பிழிந்து பிழிந்து நனைத்தாள். பாட்டில் காலியானதும், ஈரம் ஆகாது என்று பயந்து துணியை அவிழ்த்து, மொட்டைமாடி வெயிலில் அவரை உட்கார வைத்தாள்.

சாயங்காலம் பார்த்தால் பாதம் மொத்தமும் கருகருவென்று இருந்தது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, கருமத்தம்பட்டியில் இருக்கும் அண்ணன் இஸ்மத்திடம் அழுதாள்.

"பயப்படாத," என்று ஆறுதல் சொன்னார் அவர். "இங்க ஒரு தறிக்காரருக்குத் திங்கக்கெழம வெரலு கறுத்துச்சு. வெள்ளிக்கெழம முட்டி வரைக்கும் எடுத்துப்போட்டாங்க. ஆளு நல்லாத்தான் இருக்காரு."

மறுநாள் காலை ஆட்டோவில் ரசாக் மெதுவாக ஆரம்பித்தார்.

"மெஷின வித்துப்போடாத. கையில சுத்தறாப்புல மாத்திக்கலாம்."

"பேசாம வாங்க."

"செருப்புக்கடையில ஒத்தச் செருப்ப திருப்பி எடுத்துக்குவானா? போன மாசந்தான் வாங்குனேன்."

ஆட்டோக்காரர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பின்னால் பார்த்ததுதான் அதிகம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னும் வரவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் ஆயா நாச்சியம்மாள் மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றார் ரசாக். "முட்டிக்கு மேலீங்களா, கீழீங்களா?"

"என்னதுங்க?"

"வெட்டறது."

நாச்சியம்மாள் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற பக்ருன்னிசாவைப் பார்த்தாள். கண்ணீர் மோவாய்வரை வழிகிறது, துடைக்க முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. ஆயா போய் அவளுடைய முந்தானையை விலக்கினாள். உள்ளே இரண்டு கைகளும் கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தன.

"எனக்கும் தொத்திருச்சுங்க," என்று விசும்பினாள் பக்ருன்னிசா. "அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

நாச்சியம்மாள் தன் கைகளையும் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். அதே கறுப்பு.

"வெளிச்சம் பட்டுக் கறுத்த வெள்ளித்தண்ணிக் கறைக்கெல்லாம் வெட்டறதுன்னா, பதினோரு வருசமா இந்தத் துணியப் பிழியறவ, என்னையல்லங்க மொதல்ல வெட்டோணும்?"

டாக்டர் வந்து திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கறை ஒரு மாதத்தில் உரிந்தது. வாரம் இரண்டு தரம் நஸ்ரியா வந்து கரண்டி போட, புண் நோன்புக்கு முன்னால் மூடியது.

நஸ்ரியாவுக்கு அடுத்த வருஷம் நிக்காஹ். மாப்பிள்ளை எஸ்டேட் டிரைவர், வால்பாறைக்குப் போய்விட்டாள். கல்யாண ரவிக்கைகளை ரசாக்தான் மிதித்துத் தைத்தார். கை கொஞ்சம் இறுக்கமாம். அவள் மூச்சு விடவில்லை. பக்ருன்னிசாவிடம் மறுபடி யார் வாய் கொடுப்பது?