மெதுவா கேப்டனும் இறங்காத சக்கரமும்

உலகத்திலேயே மெதுவான மனிதர் பொழிச்சலூரில்தான் இருந்தார். பிழைப்புக்கு அவர் செய்தது விமானம் ஓட்டுவது.

எண்பதுகளின் கடைசியில் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். முதலாளியிடம் நாலு பேர் உட்காரும் சொந்த விமானம் ஒன்று இருந்தது. அதன் பைலட்டுக்கு ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் ‘மெதுவா கேப்டன்’. ஒரு இட்லியை அவர் தின்று முடிப்பதற்குள் அடுத்த ஈடு வெந்துவிடும். பெண் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர், சரி என்று சொல்லியனுப்பியபோது அந்தப் பெண்ணுக்குச் சீமந்தம் நடந்துகொண்டிருந்தது.

முதலாளி நேர்மாறு. காபியை ஆற்றப் பொறுமையில்லாமல் தினமும் நாக்கைப் பொசுக்கிக்கொள்பவர். பறப்பதற்கு முன் கேப்டன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் பெங்களூருக்கு டிக்டேஷன் எடுக்க என்னையும் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது, மீனம்பாக்கம் கண்ணுக்குத் தெரிந்ததும் கேப்டன் சக்கரத்தை இறக்கும் விசையைத் தட்டினார். எரியவேண்டிய பச்சை விளக்குகள் எரியவில்லை. கையால் இறக்கும் பிடியைச் சுற்றினார். அது அசையவே இல்லை. கண்ட்ரோல் டவர் பக்கம் தாழப் பறந்து காட்டினோம். ஒரு சக்கரம்கூட வெளியே வரவில்லை என்று டவரிலிருந்து சொன்னார்கள்.

“எப்படியாவது உடனே இறக்குய்யா” என்றார் முதலாளி. எலிக்குஞ்சின் குரல்.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். “இன்னா சார் அவசரம்? டேங்க்ல பெட்ரோல் நெறைய கீது. வயித்தத் தரையில தேச்சுகினு இறங்கணும், பொறி பட்டா பத்திக்கும். தீரட்டும். மெதுவா இறங்கலாம்.”

சுற்ற ஆரம்பித்தோம். தாம்பரம், மாடம்பாக்கம் கோயில், ஏரி, மறுபடி தாம்பரம். முதலாளி தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்கும் வேண்டிக்கொண்டார். நான் என் மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். டைப்ரைட்டர்தான் ஞாபகம் வந்தது. கேப்டனோ ஸ்டியரிங்கை முழங்காலால் அணைத்தபடி ஒரு ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, எங்களுக்கும் நீட்டினார். முதலாளி எதையாவது மென்று தின்று நான் பார்த்தது அன்றுதான்.

பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்ததும் கேப்டன் டவரிடம் சுத்தமான இங்கிலீஷில் பேசினார். எங்களிடம், கதவுத் தாழை நீக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார். கீழே தீயணைப்பு வண்டிகள் நின்றன. தரை நெருங்கியதும் என்ஜினை அணைத்தார். காற்றின் சத்தம் மட்டும். தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல விமானத்தைக் கீழே வைத்தார். அடுத்த நொடி, ஊரிலுள்ள பாத்திரக் கடைகளெல்லாம் ஒன்றாகச் சரிந்ததுபோல் ஓர் ஓசை. பொறி பறந்தது. விமானம் தேய்ந்துகொண்டே போய், நடுக்கோட்டை விட்டு இம்மியும் விலகாமல் நின்றது.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தீயணைப்புக்காரர்கள் கைதட்டினார்கள். முதலாளி கேப்டனைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் பொழிச்சலூரே மாலையும் மேளமுமாக அவரை ஊர்வலம் அழைத்துப்போனது. அவர் நடந்த வேகத்துக்கு அடித்தே மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஓடுபாதையில் நான் இறங்க அவர் நீட்டிய கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“பயந்துட்டீங்களா கேப்டன்?”

“பின்ன? நான் மட்டும்னா பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் குந்திகினு இருந்தீங்களே.”

ஓடுபாதையின் ஓரம் வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.