விலைபோன வீடும் விசுவாசமான விளக்கும்

மனித உறவுகளிலேயே மேன்மையானது வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவுதான். தாய் பிள்ளை உறவெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஒரு பிள்ளையை வெளியே அனுப்பத் தாய்க்குப் பத்து மாதம் தேவைப்படுகிறது, போதாக்குறைக்கு வலி வேறு. உரிமையாளருக்கு முப்பது நாள் போதும். வலியும் அவருக்குக் கிடையாது.

இந்த உண்மையை, ஒரு வாடகை வீட்டில் குடியிருந்த பெண் ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளின் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் ஒப்படைப்பது அவள் வேலை. வீட்டில் அப்பா மட்டும். பேருந்து ஓட்டியவர். இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் வருடம் கண் அழுத்த நோயில் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். பிறகு ஒருநாள் எழுந்து வீட்டைப் படிக்க ஆரம்பித்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு. சமையலறை மேடையின் உடைந்த மூலை இடுப்புக்கு நேரே. மகள் தச்சரைப் பிடித்து நடைவழி நெடுக மரக் கைப்பிடி அடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவளுக்குத் தேநீர் போட்டுத் தருவது அவர்தான்.

உரிமையாளர் ஒரு பண்பாளர். அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "சொந்த வீடு மாதிரி வெச்சிருக்கீங்க" என்று கண்கலங்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையோடு வந்து, வீட்டை "அடுத்த கட்டத்துக்கு" எடுத்துச் செல்ல முடிவெடுத்திருப்பதாக அறிவித்தார். விற்கப் போகிறீர்களா என்று அவள் கேட்டாள். அந்தச் சொல் அவரைக் காயப்படுத்திவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருப்பதால்தான் நேரில் வந்து சொல்வதாகச் சொல்லி, கஷ்டத்தோடு இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். அவரைத் தரகர் என்று சொல்லக்கூடாது, "சொத்து ஆலோசகர்". வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் குடியிருப்பவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஆழ்ந்த புலமை இருந்தது. துணி வெளியே தொங்கக்கூடாது. மருந்துப் புட்டிகள் கண்ணில் படக்கூடாது. முகத்தில் சந்தோஷம் வேண்டும், ஆனால் இங்கேயே இருந்துவிடுவார்களோ என்று நினைக்கும்படியான சந்தோஷம் வேண்டாம். பெரியவர் கையில் நாளிதழ் ஒன்று இருந்தால் படித்த குடும்பம் என்ற தோற்றம் வரும் என்றார். பெரியவருக்குக் கண் தெரியாது என்று மகள் நினைவூட்டினாள்.

"பரவால்ல மேடம், அவர் படிக்க வேணாம். வந்தவங்க பாத்தாப் போதும்."

அப்படியே ஆயிற்று. சனி ஞாயிறுகளில் அப்பா நாளிதழ் விரித்து உட்கார்ந்தார். அது தலைகீழாக இருந்ததை வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கூரையில் ஈரக்கசிவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பதி படுக்கையறை அலமாரியைத் திறந்து அவள் உடுப்புகளை ஒதுக்கி ஆழம் பார்த்தார்கள். மரக் கைப்பிடியை உரிமையாளரின் தொலைநோக்கில் உருவான "முதியோர் நேய வசதி" என்று ஆலோசகர் விளக்கினார். தம்பதியில் கணவர், நாற்காலியில் இருந்த பெரியவரைப் பார்த்து, "இவங்க..." என்று இழுத்தார்.

"அவங்க வீட்டோட வர்றதில்ல சார். எடுத்துருவோம்."

அப்பா நாளிதழை மடித்தார். "எப்ப எடுப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க தம்பி. செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தம்பதி சிரித்தார்கள். நல்ல நகைச்சுவையுள்ள வீடு என்று அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆலோசகர் ஒரு வேலைநாளில் புகைப்படக்காரரோடு வந்தார். மகள் வீட்டில் இல்லை. அப்பா உள்ளறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்துக்கு "விசாலம்" வேண்டும் என்பதற்காக மர முக்காலியைத் தூக்கி நடைவழியில் வைத்தார்கள். படம் நன்றாக வந்தது. முக்காலி நடைவழியிலேயே இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஐந்தாவது எட்டில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மகள் வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தார். யார் வந்தது என்று கேட்கவில்லை. "எதை நகர்த்தினாங்க?" என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு உரிமையாளர் ஓடோடி வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நோயாளிக்கு ஆறுதலும் வேண்டும், அதில் உண்மையும் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்போலச் சொன்னார்:

"பாத்தீங்களா, அந்த வீடு உங்களுக்கு இனிமே பாதுகாப்பில்லை. நான் விக்கறதே உங்க நல்லதுக்குத்தான்."

மகள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாள். இன்னும் நான்கு மாதம் இருந்தது. எலும்பு கூடும்வரை, அதுவரை மட்டும் இருந்துவிட்டுப் போகிறோம் என்று உரிமையாளர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, அந்தத் தாளில் அவர் போட்டிருந்த கையெழுத்தைக் காட்டினாள். அவர் முகம் வாடிவிட்டது. "நான் உறவுன்னு நெனச்சேன். நீங்க ஒப்பந்தம்னு பேசறீங்க" என்றார். பிறகு நெடுநேரம் நம்பிக்கை, நாணயம், காலம் கெட்டுப்போனது ஆகிய மூன்று தலைப்புகளில் உரையாற்றினார்.

உறவு முறிந்த துக்கம் தாங்காமலோ என்னவோ, மறுநாளே தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. அதற்கு "பராமரிப்பு ஓய்வு" என்று ஆலோசகர் பெயர் சொன்னார். எத்தனை நாள் ஓய்வு என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, அது மோட்டாரின் மனநிலையைப் பொறுத்தது என்றார். அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் மோட்டார் தம் அதிகார எல்லைக்குள் வராது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ஒன்பது நாள் அவள் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் சுமந்தாள். குடம் சுமந்த தோளோடு விடிகாலையில் போய் நோயாளியின் ரத்த நாளத்தில் ஊசி ஏற்ற முடியவில்லை. ஒரு மூதாட்டிக்கு இரண்டு முறை தவறிக் குத்தியதும், வீட்டுக்கு வந்து பெட்டிகளைக் கட்டினாள்.

காலி செய்த அன்று உரிமையாளர் வாசலில் நின்று கையசைத்தார். ஒரு சாமானும் தூக்கவில்லை, ஆனால் முகத்தில் பாரம் தெரிந்தது.

புது இடம் மூன்றாம் மாடியில் ஓர் அறை. அப்பா அதைப் படிக்க முயலவில்லை. எத்தனை எட்டு என்று அவள் எண்ணிச் சொன்னாலும், "எதுக்கும்மா, அடுத்த வீட்டுக்கு வேற கணக்குதானே" என்றார். அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. தேநீரை அவளே போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். அவருக்கு இரண்டாம் முறையாகக் கண் போயிருந்தது.

ஐந்து மாதம் கழித்து, பழைய தெருவில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுக்கப் போனாள். மாலை ஆறு மணி. பழைய வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் கூடம் அணைந்து படுக்கையறை எரிந்தது. ஆள் அரவம் இல்லை. வாசலில் ஆலோசகர் பூட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், உறவுக்காரரைக் கண்டதுபோல முகம் மலர்ந்தார்.

வாங்கிய தம்பதி இன்னும் குடிவரவில்லையா என்று கேட்டாள்.

அவர் அவள் அறியாமையை மன்னித்தார். வீடு வாங்குவது குடியிருக்க அல்ல, அது "முதலீடு" என்று பொறுமையாக விளக்கினார். ஆள் புழங்கினால் மதிப்பு குறைந்துவிடும். விளக்குகள் தானியங்கி. ஆள் இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக, நேரம் வைத்து மாறி மாறி எரியும்படி அமைத்திருக்கிறார்கள்.

"இருந்தாலும் பாருங்க, நெழலு நடமாடினா இன்னும் நல்லாருக்கும். உங்களுக்குப் பழகின வீடுதானே. சாயங்காலம் அரை மணி நேரம் வந்து உள்ள நடந்துட்டுப் போறீங்களா? அப்பாவைக்கூட கூட்டிட்டு வரலாம், ஆட்சேபணை இல்ல. வீடு பத்திரமா இருக்கணுமில்லையா. திருட்டு பயம்."

அவள் ரத்தக் குப்பிகள் அடுக்கிய பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இனிமே என்ன பயம்? திருட்டு முடிஞ்சு, பத்திரமும் பதிஞ்சாச்சே."